திரையில் ஒன்று, கோப்பில் ஒன்று: விஐ எடிட்டரில் கன்ட்ரோல் எழுத்துச் சிக்கல்கள்

ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று (ஷெல் என்பது கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல், ஸ்கிரிப்ட் அதற்கான கட்டளைக் கோப்பு). கண்ணெதிரே இருக்கிறது, இயக்கும் உரிமையும் கொடுத்தாயிற்று. ஓடவிட்டால் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று பிழைச் செய்தி. எடிட்டரில் திறந்து பார்த்தால் ஓர் எழுத்துகூடத் தப்பாகத் தெரியவில்லை. எனக்கு ஒரு முழு மாலை இதில் போயிற்று. கடைசியில் பார்த்தால், முதல் வரியின் முடிவில், ஷெல்லின் பெயரான பாஷ் என்ற சொல்லுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத 13ஆம் எண் எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த எழுத்தையும் பெயரோடு சேர்த்துக்கொண்டு, அப்படி ஒரு நிரலைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று இயங்குதளம் கையை விரித்திருக்கிறது.

அன்றிலிருந்து, திருத்துவதற்கு முன்னால் கோப்பில் என்ன எழுத்து கிடக்கிறது என்று பார்த்துவிடுவேன். கீழே சொல்லப்போகும் சிக்கல்களில் பாதி, பார்க்காமலே திருத்தப் போனதால் பெரிதாகிறவை.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. திரையில் ஆங்கில எழுத்தில் வருவதையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். ‘பழைய விஐ’ என்று சொல்வது, பில் ஜாய் 1976இல் பெர்க்லியில் எழுதிய எடிட்டரின் வழியில் வந்தவை. ‘விம்’ என்பது பிராம் மூலெனார் 1991இல் முதலில் வெளியிட்டது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கன்ட்ரோல் எழுத்து என்று வரும்போது சில இடங்களில் வழி பிரிகின்றன.

## தொப்பிக் குறிக்கு அர்த்தம் என்ன

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 31 வரையும் 127உம் கன்ட்ரோல் எழுத்துகள். அவற்றுக்கு உருவம் கிடையாது. அதனால் எடிட்டர் ஒரு தொப்பிக் குறியும் ஒரு பெரிய எழுத்தும் போட்டுக் காட்டுகிறது. அந்தப் பெரிய எழுத்தின் எண்ணிலிருந்து 64ஐக் கழித்தால் உண்மையான எண் வந்துவிடும். எம் 77, ஆகவே ^எம் என்பது 13. ஜி 71, ஆகவே ^ஜி 7, அதாவது மணி ஒலிக்கச் செய்வது. ஐ 73, ^ஐ 9, அதாவது டேப். சதுர அடைப்புக்குறி 91, ^[ 27, அதாவது எஸ்கேப். @ குறி 64, ^@ பூஜ்யம். ^? மட்டும் விதிவிலக்குப் போலத் தோன்றும்; கேள்விக்குறி 63, அதோடு 64ஐக் கூட்டினால் 127.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் அட்டவணையே தேவையில்லை. டேப் விசைக்குப் பதில் கன்ட்ரோல்-ஐ அடித்தாலும், என்டருக்குப் பதில் கன்ட்ரோல்-எம் அடித்தாலும் ஒன்றாகவே நடப்பதற்கும் இதுதான் காரணம்.

## திரையில் ^எம் தெரிகிறது. அது ஓர் எழுத்தா, இரண்டா?

யாராவது விளக்கக் குறிப்பில் தொப்பிக் குறியும் எம்மும் தனித்தனியாக அடித்து வைத்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கர்சரைத் தொப்பிக் குறிமேல் கொண்டுபோய் எல் விசையை ஒருமுறை தட்டுங்கள். இரண்டு இடத்தையும் சேர்த்துத் தாண்டினாலோ, வரியின் கடைசியில் இருந்து நகர மறுத்தாலோ அது ஒற்றைக் கன்ட்ரோல் எழுத்து. எம்மின்மேல் நின்றால் சாதாரண எழுத்துகள் இரண்டு.

விம்-மில் இன்னும் சுலபம். நார்மல் மோடில் (அடிக்கும் விசைகள் கட்டளையாகும் நிலை) ஜி, ஏ என்று அடுத்தடுத்து அடித்தால் கர்சரின் கீழே இருக்கும் எழுத்தின் எண் அடிவரியில் வரும்: 13, ஹெக்ஸ் (16 அடிமானம்) 0டி, ஆக்டல் (8 அடிமானம்) 015 என்று மூன்று விதமாக. எதைத் திருத்துவதானாலும் முதலில் இதைச் செய்துவிடுவது நல்லது.

டேப், வரி முடிவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டுமானால்:

:செட் லிஸ்ட்

டேப் எல்லாம் ^ஐ ஆகிவிடும், ஒவ்வொரு வரியின் முடிவிலும் $ நிற்கும். பழைய விஐ-யிலும் இது வேலை செய்யும். $ குறிக்கு முன்னால் காலி இடம் இருந்தால் அங்கே யாரோ இடைவெளி விட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள். பார்த்து முடித்ததும் :செட் நோலிஸ்ட்.

## வரிதோறும் கடைசியில் ^எம் நிற்கிறது

வரியை முடிக்க விண்டோஸ் 13, 10 என்று இரண்டு எழுத்து போடும். யுனிக்ஸ் 10 மட்டும். தட்டச்சு இயந்திரம் போல் இயங்கிய டெலிடைப் காலத்தில் அச்சுத் தலையை இடப்பக்கம் இழுக்க ஒன்று, காகிதத்தை ஒரு வரி தள்ள ஒன்று என இரண்டு கட்டளை வேண்டியிருந்தது. அந்த இயந்திரம் போயும் இந்தச் சண்டை போகவில்லை.

பழைய விஐ-யில் நேரடி வழி, தேடி அழிப்பதுதான்:

:%எஸ்/^எம்$//

இதில் ^எம் என்பதைத் தொப்பிக் குறி, எம் என்று அடித்தால் நடக்காது. கன்ட்ரோல்-வி அழுத்தி, உடனே கன்ட்ரோல்-எம் அழுத்த வேண்டும். விம்-மில் அந்த இடத்தில் \ஆர் என்று எழுதினாலே போதும்.

விம்-மில் நான் இப்படி அழிப்பதில்லை. கோப்பை டாஸ் வடிவமாகவே (13, 10 என முடியும் விண்டோஸ் வடிவம்) மறுபடி படிக்கச் சொல்லி, யுனிக்ஸ் வடிவமாக எழுதுவது சுத்தமான வேலை:

:இ ++எஃப்எஃப்=டாஸ்
:செட் எஃப்எஃப்=யுனிக்ஸ்
:டபிள்யூ

முதல் கட்டளை கோப்பை வட்டிலிருந்து திரும்பப் படிக்கும். சேமிக்காத திருத்தம் இருந்தால் மறுத்துவிடும், பயப்பட வேண்டாம்.

எல்லா வரியிலும் இல்லாமல் சில வரிகளில் மட்டும் ^எம் வருகிறதா? கோப்பில் இரண்டு வடிவமும் கலந்திருக்கிறது. ஒரே ஒரு வரியில் 13 இல்லாமல் போனாலும் விம் முழுக் கோப்பையும் யுனிக்ஸ் வடிவம் என்று முடிவு செய்து, மற்ற வரிகளில் இருப்பதை ^எம் என்று காட்டிவிடும். மேலே சொன்ன மூன்று கட்டளையே இதற்கும் மருந்து.

முழுக் கோப்பும் ஒரே நீண்ட வரியாக, நடுநடுவே ^எம் போட்டு வந்தால் அது பழைய மேக் கணினிகளின் வடிவம். முதல் கட்டளையில் டாஸ் என்பதற்குப் பதில் மேக் என்று போடுங்கள். ஆனால் அது ஏதாவது நிரலின் பதிவுக் கோப்பாக இருந்தால் பொறுங்கள். பதிவிறக்க அளவைக் காட்டும் நிரல்கள் அதே வரியின்மேல் திரும்பத் திரும்ப எழுத 13ஐப் பயன்படுத்துகின்றன. அதை அழித்தால் நூறு எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வரியாகப் பிரிப்பதுதான் அங்கே தேவை:

:%எஸ்/\ஆர்/\ஆர்/ஜி

ஒன்றை எடுத்துவிட்டு அதையே திரும்பப் போடுவது போலத் தெரிகிறது, இல்லையா? விம்-மில் தேடும் பக்கத்து \ஆர் 13ஆம் எழுத்து. மாற்றும் பக்கத்து \ஆர் வரிப் பிரிப்பு.

## ^எம் எங்கும் தெரியவில்லை, ஆனாலும் ஸ்கிரிப்ட் ஓடவில்லை

முதல் பத்தியில் சொன்ன என் கதை இதுதான். ஒரு வரிகூட விடாமல் எல்லா வரியும் 13, 10 என முடிந்தால், விம் அதை டாஸ் கோப்பு என்று தானே புரிந்துகொண்டு 13ஐ மறைத்துவிடுகிறது. நல்ல எண்ணத்தில் செய்கிற உதவிதான். ஆனால் ஸ்கிரிப்டை இயக்கப்போகிற ஷெல்லுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

கோப்பு திறந்தவுடன் அடிவரியில் பெயருக்குப் பக்கத்தில் [டாஸ்] என்று வரும். நான் அதைப் பார்த்தும் பார்க்காதது போலக் கடந்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் :செட் எஃப்எஃப்? என்று கேளுங்கள். பதில் டாஸ் என்று வந்தால், யுனிக்ஸ் என மாற்றிச் சேமித்தால் முடிந்தது. எடிட்டரையே நம்பாமல் பார்க்க வேண்டுமானால் ஷெல்லில் கேட் -வி என்ற கட்டளை எதையும் மறைக்காமல் ^எம் காட்டிவிடும்.

## கன்ட்ரோல் எழுத்தை அடித்தால் எழுத்து வராமல் வேறு ஏதோ நடக்கிறது

அடிக்கும் பக்கத்துச் சிக்கல்கள் எல்லாம் இங்கேதான். அடிப்படை விதி ஒன்றுதான்: இன்சர்ட் மோடில் (அடிப்பது உரையாக விழும் நிலை) கன்ட்ரோல்-வி அழுத்தினால், அடுத்து வரும் விசையை எடிட்டர் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாகப் போட்டுக்கொள்ளும். அழுத்தியவுடன் கர்சர் இருக்கும் இடத்தில் ஒரு தொப்பிக் குறி தலைகாட்டிக் காத்திருக்கும். இப்போது எஸ்கேப் அழுத்தினால் இன்சர்ட் மோடு முடியாது; அந்தத் தொப்பிக்குப் பக்கத்தில் [ வந்து உட்காரும். தொப்பி தெரியவில்லை என்றால் உங்கள் கன்ட்ரோல்-வி எடிட்டருக்குப் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போயிற்று? பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

நகலெடுத்து வைத்திருந்த உரை வந்து விழுந்தால், டெர்மினல் நிரலோ (ஷெல்லும் எடிட்டரும் ஓடும் சாளரம்) விண்டோஸ் அமைப்போ கன்ட்ரோல்-வியை ‘ஒட்டு’ என்று எடுத்துக்கொண்டது. விம்-மில் கன்ட்ரோல்-க்யூ அதே வேலையைச் செய்யும்.

வரிகள் கட்டமாக நிறம் மாறி, அடியில் விஷுவல் பிளாக் என்று வந்தால் நீங்கள் இன்சர்ட் மோடில் இல்லை. எஸ்கேப், பிறகு ஐ, பிறகு மறுபடி முயலுங்கள்.

திரை அப்படியே உறைந்து, எந்த விசைக்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல்-எஸ் அழுத்தியிருப்பீர்கள். எடிட்டர் செத்துவிட்டது என்று டெர்மினலை மூடிவிடாதீர்கள். கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் உயிர் வரும். 19 என்றால் நிறுத்து, 17 என்றால் தொடர் என்பது காகித நாடா காலத்து ஏற்பாடு, இன்னும் டெர்மினலுக்குள் இருக்கிறது. கன்ட்ரோல்-க்யூ எடிட்டரை எட்டாமல் போவதற்கும் இதுவே காரணம். ஷெல்லில் எஸ்டிடிஒய் -ஐஎக்ஸ்ஆன் என்று ஒருமுறை அடித்துவிட்டு எடிட்டரைத் திறந்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

கன்ட்ரோல்-பி மட்டும் வரவில்லையா? ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரித்துக் காட்டும் டிமக்ஸ் நிரலுக்குள் இருக்கிறீர்கள். அது அந்த விசையைத் தனக்கென்று வைத்திருக்கிறது. இரண்டு முறை அழுத்தினால் ஒன்றை உள்ளே விடும். அதே வகையான ஸ்கிரீன் நிரலில் கன்ட்ரோல்-ஏ இப்படித்தான். அங்கே கன்ட்ரோல்-ஏ அழுத்திய பிறகு வெறும் ஏ.

கன்ட்ரோல்-@ அழுத்தினால் கொஞ்ச நேரம் முன்பு அடித்த உரை திரும்ப வந்து விழுந்து, இன்சர்ட் மோடும் முடிந்துவிடுகிறதா? பேய் எதுவும் இல்லை. ‘கடைசியாக அடித்ததை மறுபடி போட்டு வெளியே வா’ என்பதே விம்-மில் அந்த விசையின் வேலை. பல டெர்மினல்களில் கன்ட்ரோலோடு இடைவெளி விசையை அழுத்தினாலும் இதே எழுத்துதான் போகும். அதனால் தெரியாமலே இது நடக்கும்.

விசையே கைகொடுக்காதபோது விம்-மில் எண் கொடுக்கலாம். கன்ட்ரோல்-வி, பிறகு 027 என்று மூன்று இலக்கம் அடித்தால் எஸ்கேப் எழுத்து. 007 என்றால் மணி. 000 என்றால் பூஜ்யம். பழைய விஐ-யில் இந்த எண் வசதி கிடையாது.

இதில் ஒரு சிக்கல்: 010 கொடுத்தால் கோப்பில் 10 போகாது, 0 போகும். விம் தன் நினைவில் பூஜ்ய எழுத்தை 10 என்றுதான் வைத்திருக்கிறது. சேமிக்கும்போது அதைப் பூஜ்யமாக எழுதிவிடும்.

கட்டளை வரியிலும் கன்ட்ரோல்-வி தேவை. கோலன் போட்டுக் கட்டளை அடித்துக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல்-வி இல்லாமல் எஸ்கேப் அழுத்தினால் விம் அந்தக் கட்டளையைக் கைவிட்டுவிடும். பழைய விஐ அப்படியில்லை. அதுவரை அடித்ததை நிறைவேற்றிவிடும். பாதி அடித்த அழிக்கும் கட்டளை ஓடிய பிறகு செய்ததை மீட்கும் யு விசையைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

## வரி பிரிப்பதற்காக \என் போட்டேன், எங்கும் ^@ வந்துவிட்டது

காற்புள்ளி இருக்கும் இடமெல்லாம் புது வரி வேண்டும் என்று :%எஸ்/,/\என்/ஜி கொடுத்தால் விம்-மில் இப்படித்தான் ஆகும். காரணம் மேலே சொன்னதே: மாற்றும் பக்கத்து \என் என்பது 10, விம்-முக்குள் 10 என்றால் பூஜ்ய எழுத்து. யு அழுத்தி மீட்டுவிட்டு \என் இருந்த இடத்தில் \ஆர் போடுங்கள். ஏற்கெனவே சேமித்து மூடிவிட்டால், தேடும் பக்கத்தில் கன்ட்ரோல்-வி 000 அடித்து அந்த ^@களைப் பிடித்து \ஆர் ஆக மாற்றலாம்.

இதற்கு நேர்மாறாக, வரியைப் பிரிக்காமல் 13ஆம் எழுத்தையே உள்ளே வைக்க வேண்டுமானால், மாற்றும் பக்கத்தில் ஒரு பின்சாய்கோடு போட்டு, பிறகு கன்ட்ரோல்-வி, கன்ட்ரோல்-எம்.

## அம்பு விசையைத் தட்டினால் ஏ, பி, சி, டி வருகிறது

மேல் அம்பைத் தட்டினால் புது வரி ஒன்று திறந்து அதில் ஏ என்ற எழுத்து நிற்கும். என்ன நடக்கிறது என்றால், பல டெர்மினல்களில் மேல் அம்பு என்பது உண்மையில் மூன்று எழுத்து: எஸ்கேப், பெரிய ஓ, பெரிய ஏ. பழைய முறையில் இயங்கும் எடிட்டர் எஸ்கேப்பைக் கண்டதும் இன்சர்ட் மோடை விட்டு வெளியே வருகிறது. ஓ என்றால் மேலே புது வரி திற. அப்புறம் ஏ, வெறும் எழுத்து.

விம்-மில் :செட் நோகம்பேட்டிபிள் கொடுத்தால் சரியாகிவிடும். பிடித்துப்போனால் அமைப்புக் கோப்பிலேயே எழுதி வையுங்கள். அசல் விஐ என்றால் டெர்ம் என்ற சூழல் மாறியில் உங்கள் டெர்மினலின் பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் எஸ்கேப் அழுத்தி எச், ஜே, கே, எல். அந்த எடிட்டர் எழுதப்பட்ட டெர்மினலில் அம்புக் குறிகள் அந்த நான்கு விசைகளின்மேல்தான் அச்சிட்டிருந்தன.

## பேக்ஸ்பேஸ் அழுத்தினால் ^? அல்லது ^எச் விழுகிறது

உங்கள் விசைப்பலகை அனுப்புவது 127, டெர்மினல் எதிர்பார்ப்பது 8, அல்லது தலைகீழாக. எடிட்டருக்கு வெளியே வந்து ஷெல்லில் எஸ்டிடிஒய் இரேஸ் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கன்ட்ரோல்-வி, பேக்ஸ்பேஸ், என்டர். ஆமாம், ஷெல்லிலும் கன்ட்ரோல்-விக்கு அதே வேலைதான்.

எந்தக் குறியும் விழாமல், அழிக்கவும் செய்யாமல் பேக்ஸ்பேஸ் சும்மா நின்றால் அது வேறு நோய். விம்-மில் :செட் பேக்ஸ்பேஸ்=இன்டென்ட்,இஓஎல்,ஸ்டார்ட் என்று கொடுங்கள்.

## பதிவுக் கோப்பு முழுக்க ^[[31எம் போன்ற குப்பை

வண்ணக் கட்டளைகள். 31 என்றால் சிவப்பு, 0 என்றால் பழைய நிலைக்குத் திரும்பு. திரைக்கு என்று எழுதியதை யாரோ அப்படியே கோப்புக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். விம்-மில்:

:%எஸ்/\இ\[[0-9;]*எம்//ஜி

பழைய விஐ-யில் \இ இருக்கும் இடத்தில் கன்ட்ரோல்-வி, எஸ்கேப்.

## மேக்ஃபைல் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்கிறது

மேக்ஃபைல் என்பது ஒரு நிரலைக் கட்டும் படிகளை எழுதிவைக்கும் கோப்பு. அதில் வரித் தொடக்கத்தில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இடைவெளி இருக்கிறது. டேப்பை இடைவெளியாக மாற்றும் எக்ஸ்பேண்ட்டேப் அமைப்பு செய்த வேலை. கன்ட்ரோல்-வி, டேப் என்று அடித்தால் அந்த அமைப்பையும் மீறி உண்மையான டேப் விழும். :செட் லிஸ்ட் போட்டு ^ஐ தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

## ^எல் இருக்கிறது, எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். அது 12, பக்கம் மாற்றும் எழுத்து. க்னூ நிரல்களின் மூலக் கோப்புகளிலும் இணைய நெறிமுறைகளை விளக்கும் பழைய ஆர்எஃப்சி உரைகளிலும் வேண்டுமென்றே வைத்தது. ஓர் எழுத்து, அடுத்து ^எச், மறுபடி அதே எழுத்து என்று வந்தால், அது கையேட்டுப் பக்கத்தைக் கோப்பாக்கியபோது வந்த தடித்த எழுத்து. அச்சுத் தலை ஒரு படி பின்னால் வந்து அதன்மேலேயே மறுபடி அடிப்பதற்கான கட்டளை. இதை எடிட்டரில் மெனக்கெட்டு நீக்க வேண்டாம், ஷெல்லில் கால் -பி என்ற நிரல் வழியாக அனுப்பினால் போதும்.

## எல்லாம் சரியாகத் தெரிகிறது, தேடினால் மட்டும் அகப்படவில்லை

இணையத்திலிருந்து ஒட்டிய உரையில் அகலமே இல்லாத எழுத்துகள் வரும். விம் பெரும்பாலும் அவற்றை <200பி> போலக் கோண அடைப்புக்குள் காட்டிக்கொடுத்துவிடும். பழைய எடிட்டர்களோ பல பைட்டுகளாக உடைத்துக் காட்டும், அல்லது காட்டாமலே விட்டுவிடும். தமிழ் உரையில் இவற்றைக் கண்டவுடன் அழிக்கவும் கூடாது: க், ஷ இரண்டும் க்ஷ என்று ஒட்டிக்கொள்ளாமல் தனித்து நிற்க 200சி என்ற அகலமில்லாத எழுத்தை வேண்டுமென்றே போடுவார்கள்.

அப்போதும் பிடிபடவில்லை என்றால் பைட்டுகளையே பார்க்க வேண்டியதுதான். விம் -பி என்று பைனரி முறையில் கோப்பைத் திறந்து:

:%!எக்ஸ்எக்ஸ்டி

-பி இல்லாமல் திறந்தால், கோப்பின் முடிவில் வரி முடிவு இல்லாவிட்டால் சேமிக்கும்போது விம் தானாக ஒன்றைச் சேர்த்துவிடும். இப்போது இடப்பக்கம் இடஎண், நடுவில் ஹெக்ஸ், வலப்பக்கம் படிக்கத் தக்க உரை என்று மூன்று பத்தியாகத் தெரியும். திருத்திய பின் :%!எக்ஸ்எக்ஸ்டி -ஆர் கொடுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து சேமியுங்கள். திருத்தம் நடுப் பத்தியில் மட்டும். வலப்பக்கத்து உரையை எவ்வளவு மாற்றினாலும் -ஆர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.